மேட்டுத்தெரு குளிக்காத காலம்

ஆவுடையப்பன் வயிற்றில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கத்தரிப்பூ நிற மையால் கோடு போட்டு அனுப்பிய அன்றைக்குச் சாயங்காலமே, சேந்தன்குளம் மேட்டுத்தெருவில் இருந்த அத்தனை பேர் வயிற்றிலும் அதே இடத்தில் அதே கோடு வந்து உட்கார்ந்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே ஒரு கூட்டல் குறி, இடுப்பின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு கோடு. வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் சேலையை இழுத்துச் செருகும்போது பார்த்தார்கள், சட்டையில்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் ஒருவன் வயிற்றை ஒருவன் பார்த்துவிட்டுத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்கள், தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கியவள் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள், தெருமுனைப் பிள்ளையாருக்குக் கல் வயிற்றிலேயே கோடு விழுந்திருப்பதைப் பூசாரி கோமதிநாயகம் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு விபூதியைப் பூசி மூடினார். யாரும் கூச்சல் போடவில்லை. மேட்டுத்தெருக்காரர்கள் லேசில் கூச்சல் போடுகிறவர்கள் இல்லை, தண்ணீர் வராத விஷயம் ஒன்றைத் தவிர.

தண்ணீருக்காக அவர்கள் போட்ட கூச்சல் எல்லாம் வருஷக்கணக்காக ஆவுடையப்பன் தலையில்தான் விழுந்து வந்திருக்கிறது. ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்து விடுகிற வேலை அவனுக்கு. தெரு மேட்டில் இருந்ததால் தண்ணீர் அங்கே கடைசியாகத்தான் ஏறும், ஏறின சூட்டோடு இறங்கியும் விடும். சொந்தத் தெருவுக்கே தண்ணி விடத் துப்பில்லாதவன் என்று அவன் சைக்கிளில் போகும்போது காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். அவனும் அதற்கொரு சிரிப்பு வைத்திருந்தான். ஒரு நாளும் குடித்தவனில்லை. ஆனாலும் ஈரலில் கட்டி என்று சேதி வந்ததும், குடிக்காமல் எவனுக்காவது ஈரல் போகுமா, கமுக்கமாகக் குடித்திருக்கிறான் கள்ளன் என்று பாதித் தெரு முடிவு கட்டியது. எப்போதோ வந்த மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு மறந்துபோனதுதான் அவன் செய்த தப்பு. மறந்துபோன காமாலை மறக்காமல் உள்ளேயே இருந்து, ஈரலைச் சுருங்கவைத்து, சுருங்கின இடத்தில் கட்டியையும் வளர்த்துவிட்டது.

அந்தச் சேதியைக் கேட்ட நாளிலிருந்து அவன் மனைவி சண்முகவடிவுக்கு எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சோறு பொங்கினாள், பீடி சுற்றினாள், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனோடு பஸ்ஸில் போய் வந்தாள். அழவில்லை. அழுகிற பொம்பளையாகத்தான் அவளைத் தெரு அறியும், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதாக இருக்கும், அவளுக்கே இப்போது என்ன வந்தது என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னாள்.

"ஆபரேஷன் பண்ண முடியாதும்மா. மிச்ச ஈரலும் சுருங்கிப் போயிருக்கு, வெட்டினாத் தாங்காது. அதனால கதிர் வச்சுத்தான் கட்டியக் கருக்கணும். ஒரே பக்கமா விட்டா வழியில இருக்கிற நல்ல ஈரலும் வெந்துரும். பல பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா விடுவோம், எல்லாம் கட்டியில போய்ச் சேந்துக்கும்."

"நல்ல ஈரலுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"கொஞ்சம் படத்தான் செய்யும். நல்லா இருக்கிற பாகம் கொஞ்சம் தப்பிச்சாப் போதும், பொழச்சுக்கும். அளவுக்கு மேல பட்டாத்தான் பின்னால ஒரு நாள் கண்ணு மஞ்சளாகும், வயிறு வீங்கும். அதுக்குத்தான் இந்தக் கோடு. கோட்டப் பாத்துத்தான் மிஷின் நிக்கும். அந்த இடத்துல தண்ணி, எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது."

"சரி," என்றாள் வடிவு. கடைக்காரனிடம் விலை கேட்டுவிட்டுச் சொல்கிற சரி மாதிரி இருந்தது அது.

ஈரல் சும்மா இருக்கிற உறுப்பில்லை, மூச்சு விட விட மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும் என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. அதனால் அவன் பலகையில் மல்லாந்து கிடக்கும்போது, மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க என்று சுவரிலிருந்து ஒரு குரல் வரும், அவன் நிறுத்தியதும் மிஷின் சுற்றும், விடுங்க என்றதும் மிஷினும் நின்றுகொள்ளும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வடிவுக்கும் அந்தக் குரல் மெல்லக் கேட்கும். அவளும் நிறுத்துவாள், விடுவாள்.

இப்படிச் சில நாள் போயிருக்கும், முதல் கோடு அழிந்தது. அழித்தவர் ஆவுடையப்பனின் கூடப் பிறந்த அண்ணன் சிவனணைஞ்சான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான், கொல்லையும் பொதுதான், ஆனால் அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை. சிவனணைஞ்சானின் ஒரே மகள் கல்யாணத்தன்றைக்குத் தொட்டி மோட்டார் எரிந்துபோய், பந்திக்கு வைத்திருந்த அண்டாக்கள் காலியாகக் கிடந்து, சம்பந்தி வீட்டார் கை கழுவத் தண்ணீரில்லாமல் சோற்றுக் கையோடு நின்றார்கள். மோட்டார் எரிந்ததென்று தம்பி சொன்னதை அண்ணன் நம்பவில்லை. மகள் இப்போது கோயம்புத்தூரில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள், அந்த அண்டாக்கள் மட்டும் சிவனணைஞ்சான் மனசுக்குள் காலியாகவே கிடந்தன.

"எம் மக கல்யாணத்துக்குத் தண்ணி விடாதவன், இப்பம் அவன் சீக்கக் கொண்டாந்து என் வயித்துல எழுதி வச்சிருக்காம் பாரு," என்று சொல்லி, பீர்க்கங்கூட்டில் சோப்பைப் போட்டு அவர் வயிற்றைத் தேய் தேயென்று தேய்த்தார். அவர் வயிற்றில் கோடு போன அந்த நிமிஷமே எல்லார் வயிற்றிலும் போனது. பிள்ளையார் வயிற்றிலும் போனது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் வயிற்றிலும் போனது.

ஆஸ்பத்திரியில் திட்டு விழுந்தது. திரும்ப ஸ்கேன், திரும்பக் கணக்கு, திரும்பக் கோடு. அத்தனை நாளும் சிகிச்சை நின்றது, கட்டி நிற்கவில்லை. டாக்டரம்மா இந்தத் தடவை நிதானமாகச் சொல்லவில்லை.

"ஏற்கனவே கதிர் பட்ட ஈரல்மா இது. சும்மா சும்மா முதல்லருந்து கணக்குப் போட முடியாது. இன்னொரு தடவ கோடு அழிஞ்சு பாதியில நின்னா, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. சொல்லிட்டேன்."

புதுக் கோட்டோடு அவர்கள் ஊர் திரும்பியபோது தெருவுக்கும் புதுக் கோடு வந்திருந்தது. ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும் என்பது அதற்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பிள்ளையார் முன்னால் கூடினார்கள். வடிவும் ஓரமாக நின்றாள். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். மரத்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் கேட்டு யாரும் முடிவு செய்கிற மாதிரியும் இல்லை. வயிற்றை விட்டுவிட்டு எப்படிக் குளிப்பது என்றுதான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை.

"பிள்ளையாருக்கே அபிஷேகம் கெடையாதுன்னு ஆயிப்போச்சு," என்றார் கோமதிநாயகம். "பொறவு ஒங்களுக்கு என்னவே குளியல்?"

அதோடு கூட்டம் கலைந்தது. சிவனணைஞ்சான் கூட்டத்துக்கு வெளியே மின்கம்பத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் விடியும்போது, வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் தெருக்குழாயடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏய், பைய ஊத்துடே. வயித்துல ஒரு சொட்டுப் பட்டுச்சு, தெரியும் சேதி." தம்பியோடு அப்போதும் பேசவில்லை. தம்பி பஸ்ஸுக்குப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு மேட்டுத்தெரு தவணை முறையில் குளித்தது. குனிந்து தலைக்கு ஒரு தவணை, கைக்கு ஒரு தவணை, காலுக்கு ஒரு தவணை, நடுவில் இருக்கிற நாட்டுக்குத் தண்ணீர் கிடையாது. தீபாவளி வந்தது, எண்ணெய் தேய்க்காத தீபாவளி உண்டா என்று உச்சியில் மட்டும் எண்ணெயை வைத்துக்கொண்டு வாளிக்குள் தலையைக் கவிழ்த்தார்கள், கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டவருக்கு முக்கால்வாசி ஆச்சு என்று பதில் சொன்னார்கள். கீழ ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் வலது காலை எடுத்து வைத்ததும் அவள் வயிற்றிலும் கோடு விழுந்தது, மாமியார்க்காரி முதல் வேலையாக அவளுக்கு ஆரத்தி சுற்றினாள், இரண்டாவது வேலையாக எப்படிக் குளிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். பால்காரர் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை கோட்டோடுதான் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் மேட்டுத்தெருப் பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் இவர்கள் ஏறினால் கண்டக்டர் எல்லா ஜன்னலையும் திறந்துவிடச் சொன்னார். வெளியூரிலிருந்து வேனில் வந்து பார்த்த சிலர் மையைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, மைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் தெருவில் ஒருத்தரும் ஆவுடையப்பனைத் திட்டுவதை நிறுத்தவில்லை. சீக்காளியாக் கெடந்தும் நம்மளக் குளிக்க விடமாட்டேங்கானே, இவன் தண்ணி விட்ட லட்சணம் அப்படி என்று சொல்லிக்கொண்டே, வயிற்றுப் பக்கம் ஈரத்துணி படாமல் முதுகைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதை வாயில் வைத்தாலும் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதென்றான். பஸ் ஏறி இறங்கினாலே படுத்துவிடுவான். ஈரல் சூடு தாங்காமல் அசந்து கிடக்கிறது, அது அசந்தால் உடம்பெல்லாம் அசரத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொன்னாள். வடிவு தினமும் காலையில் அவன் கண்ணின் வெள்ளையை இழுத்துப் பார்ப்பாள். மஞ்சளில்லை. பிறகு தன் சேலையை விலக்கிக் கோட்டைப் பார்ப்பாள். இருக்கிறது. அவ்வளவுதான் அவளுக்கு நாள் என்பது.

கார்த்திகை பிறந்து, சிகிச்சை முடிய இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தபோது, ஒரு நாள் காலையில் குழாயடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சிவனணைஞ்சான், பைய ஊத்து என்று யாரையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சுவரில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பேர் குடம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவள்தான் தொட்டுப் பார்த்தாள்.

வடிவும் ஆவுடையப்பனும் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வடிவு பக்கத்து வீட்டுக்குள் ஓடினாள். ராஜகனி, சிவனணைஞ்சானின் மனைவி, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். வடிவுக்குத்தான் குரல் வரவில்லை. துண்டு விலகித் தெரிந்த பெரியத்தானின் வயிற்றில் கோடு கருக்கழியாமல் அப்படியே இருந்தது. அழ வந்தவள் நான், பிணத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவள் பார்த்ததைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்தவரை நீர்மாலை எடுத்து வந்து தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்ட வேண்டும். பிறகு சுடுகாட்டில் சிதை மூட்ட வேண்டும். மேட்டுத்தெருவில் எரிப்பதுதான் வழக்கம், புதைப்பது கிடையாது. தண்ணீர் விட்டாலும் கோடு போகும், தீயில் வைத்தாலும் கோடு போகும். வெளியே பெரியவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்கள். யார் போய் இதை அந்தப் பொம்பளையிடம் சொல்வது?

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜகனி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"குளிப்பாட்ட வேண்டாம். மொகத்தையும் கையையும் காலையும் தொடச்சு விட்டுட்டேன், அது போதும். எரிக்கவும் வேண்டாம். பொதச்சிருங்க."

"ராஜகனி, வழக்கமில்லியே தாயி," என்றார் கோமதிநாயகம். "பொறவு காடாத்துக்கு எலும்பெடுக்கணும், சாம்பலக் கரைக்கணும். அதுக்கெல்லாம் என்ன செய்ய?"

"ஒரு தடவ அவுக கையாலதான் அழிஞ்சுது. நாந்தான் பீர்க்கங்கூடு எடுத்துக் குடுத்தேன். ரெண்டாவது தடவையும் அவுகளாலதான் அழிஞ்சுதுன்னு பேரு வேண்டாம்." அவள் குரல் உடையவில்லை. "உப்புப் போட்டுப் பொதைங்க. நான் உப்பளத்துல வளந்தவ. உப்புக்குள்ள கெடந்தது லேசுல கெடாது."

பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, நீங்க எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போங்க. ஒங்க அண்ணன் எங்கயும் போயிர மாட்டாவ. வந்து மண்ணு தள்ளலாம்."

அவர்கள் போனார்கள். அன்றைக்கும் சுவரிலிருந்து குரல் வந்தது, மூச்சை நிறுத்துங்க. அவன் நிறுத்தினான். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நிறுத்திவிட்டான் என்றும், விடுங்க என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றும் வெளியே வந்த டெக்னீஷியன் பையன் சொன்னான். சாயங்காலம் வந்து அண்ணன்மேல் மூன்று கை மண் தள்ளினான். மளிகைக் கடைக்காரர் வண்டியில் கொண்டுவந்த கல்லுப்பு மூட்டைகளைப் பிரித்து, சிவனணைஞ்சானின் இடுப்பையும் வயிற்றையும் சுற்றிக் கொட்டியிருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் தவணை முறையில் தலைமுழுகிவிட்டு வீடு போனார்கள்.

தாலி வாங்குகிற நாள் என்றைக்கு என்று பெண்கள் வந்து கேட்டபோது ராஜகனி சேலையை விலக்கித் தன் வயிற்றைக் காட்டினாள்.

"கோடு இருக்குல்லா? அப்பம் அங்க அவுக தோலும் முழுசாத்தான இருக்கு. அவுக முழுசா இருக்கையில நான் எப்பிடி அறுக்க?"

அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள், பூ வந்தால் வாங்கி முடிந்துகொண்டாள், வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். காலையில் எழுந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ராஜகனி தன் வயிற்றைப் பார்ப்பாள், இந்தப் பக்கம் வடிவு தன் வயிற்றைப் பார்ப்பாள். பிறகு இரண்டு பேரும் வாசல் பெருக்க வருவார்கள். இருக்கா? என்று ஒருத்தி கேட்பாள். இருக்கு என்பாள் மற்றவள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள் என்றில்லாமல் ஊற்றியது. மண்ணுக்குள் தண்ணீர் இறங்கினால் உப்புக் கரையும், உப்புக் கரைந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பந்தல்காரர் கல்யாண வீட்டுக்கு வைத்திருந்த தகரத்தைக் கொண்டுபோய்ப் புதைகுழிமேல் கூரை போட்டார், பால்காரர் தார்ப்பாய் கொடுத்தார், ஆண்கள் மண்வெட்டி எடுத்துப்போய்க் குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், சீட்டாட்டக்காரர்கள் சீட்டுக்கட்டோடு அங்கேயே போய் உட்கார்ந்து, வாய்க்கால் உடைகிறபோதெல்லாம் எழுந்து மண் போட்டுவிட்டு வந்து மறுபடி ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள். இருந்தும் கோடு வெளிறத் தொடங்கியது. கத்தரிப்பூ நிறம் போய் நாவல்பழம் தின்ற நாக்கு நிறம் வந்தது, அதுவும் போய்த் தோலுக்கடியில் ஓடுகிற நரம்பு மாதிரி ஆனது. ஆஸ்பத்திரிப் பையன் மேலே ஒரு தரம் இழுக்கிறேன் என்று பேனாவை எடுத்தான். மை தோலில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. அவன் பேனாவை மாற்றிப் பார்த்தான், பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்க் கோட்டைத் தேடினான்.

வடிவு ராத்திரி கண்ணை மூடினால் மண்ணுக்கடியில் உப்புக்குள் கிடக்கிற பெரியத்தானின் வயிறுதான் வந்தது. இன்னுங் கொஞ்ச நாள் தாங்கிக்கிடுங்க அத்தான் என்று அவள் மனசுக்குள் சொல்வாள். செத்தவரைக்கூட விடாமல் வேலை வாங்குகிறேனே என்று தோன்றும். தோன்றினாலும் மறுபடி அதையேதான் சொல்வாள்.

கடைசி நாள் வந்தது. பையன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, டேப்பை வைத்து அளந்து, ஒரு வழியாகக் குறியைக் கண்டுபிடித்தான். வடிவு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சை இழுங்க, நிறுத்துங்க. அவள் சேலை மடிப்புக்குள் கையை விட்டு விலக்கி வைத்துக்கொண்டு, விளக்கையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். விடுங்க. மறுபடி நிறுத்துங்க. விடுங்க. மறுபடி. எத்தனை தடவை என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. குனிந்து பார்த்தாள், கோடு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரத்தரை உலர்கிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, இல்லாமல் போனது.

ஆவுடையப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணன் போயிட்டாவ, வடிவு," என்றான்.

அண்ணன் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டு வருஷக்கணக்காகிறது. ஆமா என்றாள்.

டாக்டரம்மா சிரித்த முகமாகத்தான் அனுப்பினாள். கட்டி உடனே கரையாது, உள்ளுக்குள்ளே மெல்ல மெல்லத்தான் சாகும், மூன்று மாசம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள். அதற்குள் கண் மஞ்சளானாலோ வயிறு வீங்கினாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் வந்துவிட வேண்டும். அவன் ஆகட்டும் என்றான். இனி தாராளமாகக் குளிக்கலாம் என்றும் அவள் சொன்னாள்.

அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மேட்டுத்தெரு நனைந்து கிடந்தது. கோடு போன அந்த நிமிஷத்தில் பீடி முறத்தையும் அடுப்பையும் கடையையும் போட்டது போட்டபடி எல்லாரும் எழுந்து குழாயடிக்கும் கிணற்றடிக்கும் போயிருந்தார்கள். யாரும் சந்தோஷமாகக் குளிக்கவில்லை. சிவனணைஞ்சானுக்குத் தலைமுழுக வேண்டியதை இப்போதுதான் முழுசாக முழுகினார்கள். பிள்ளையாருக்குக் குடம் குடமாக ஊற்றியிருந்தது. ஆவுடையப்பன் நேரே குழாயடிக்குப் போய், சட்டையைக் கழற்றாமலே குனிந்து உட்கார்ந்தான், யாரோ அவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள்.

வடிவு வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"முன்வாசல் வழியாப் போயிரு வடிவு, கொல்லப்பக்கம் போகாத. ராஜகனிக்கு இப்பத்தான் எல்லாம் எடுத்துக் குளிப்பாட்டி உக்கார வச்சிருக்கு. நீ தாலிக்காரி. சீக்காளியக் கையில வச்சிருக்கவ. அவ மொகத்துல நீ முழிக்கக் கூடாது."

"சரிக்கா," என்றாள் வடிவு. முன்வாசல் வழியாகத்தான் போனாள். வீட்டுக்குள் போய்ப் பையை வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் பெட்டிமேல் வைத்தாள். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்குப் போனாள்.

ராஜகனி துவைக்கிற கல்மேல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச்சேலை. முதுகெல்லாம் ஈரமுடி. காலடிச் சத்தம் கேட்டதும் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டாள்.

"யாரு, வடிவா? அங்கனயே நில்லு. கிட்ட வராத."

"யக்கா."

"கொழுந்தனாருக்கு முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. வெளக்கு அணஞ்ச பொறவுதான் போச்சு, யக்கா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ராஜகனி தலையை ஆட்டினாள்.

"சோறு எறங்குதா அவுகளுக்கு? கொழைய வடிச்சு மோர் விட்டுக் குடு. போ, உள்ள போ. ஒனக்கு இன்னும் மூணு மாசம் இருக்குல்லா. இந்த மொகத்தப் பாத்துட்டுப் போயி அவுக மொகத்துல முழிக்காத."

வடிவு நின்றாள். எத்தனையோ நாளாக அவள் இந்த முகத்திடம்தான் இருக்கா என்று கேட்டாள், இந்த முகம்தான் இருக்கு என்று சொன்னது. மரத்துக் கிடந்த எதுவோ உள்ளே எங்கோ ஓரத்தில் சுள்ளென்றது, சுள்ளென்ற இடத்திலிருந்து வலி பரவியது. அவள் துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் ராஜகனிக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கில் புகுந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். ராஜகனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்டி. சொன்னாக் கேளு. நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

வடிவு அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை, கண் வீங்கியிருந்தது. வடிவு அதைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி அவளிடமிருந்து அழுகை கிளம்பியது.

"பாத்துட்டியே, பாவி," என்று ராஜகனி அவளைக் கட்டிக்கொண்டாள்.